மிச்சியோ இட்டோ: ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

மதுரை கலைவாணி எழுதியது:

ஜப்பானிய நடனக் கலைஞர் மிச்சியோ இட்டோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1916ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லண்டனில் சீமாட்டி குனார்டின் வரவேற்பறை, ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் எழுதிய புது நாடகம், அதில் பருந்தாக ஆடிய ஜப்பானிய இளைஞர். இதை மூன்று பக்கம் எழுதுவார்கள். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நாற்பத்தைந்து ஆண்டுகளும் ஒரே பத்தியில் அடங்கிவிடும். எனக்கு இது பொறுக்கவில்லை.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒருவர் நன்றாக ஆடுகிறார் என்பதற்கும், முப்பது பேரை அவரால் ஆடவைக்க முடியும் என்பதற்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அந்தப் பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இட்டோ அதைத் தாண்டியவர். எப்படித் தாண்டினார் என்பதுதான் என் கேள்வி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது டோக்கியோவில், 1892இல். தந்தை கட்டடக் கலைஞர். ஓபரா பாடகராக வேண்டும் என்று 1912இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் மனம் நடனத்துக்குத் திரும்பியது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே ஹெல்லராவில், இசையை உடலசைவால் கற்பிக்கும் முறையை வகுத்த டால்குரோஸ் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். 1914இல் போர் மூண்டதும் லண்டனுக்கு வந்தார். 1916இலேயே நியூயார்க். அங்கே பதின்மூன்று ஆண்டுகள். 1929இல் லாஸ் ஏஞ்சலிஸ். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு எதிரி நாட்டவர் என்று கைதானார். 1943இல் கைதிகள் பரிமாற்றக் கப்பலில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் டோக்கியோவில் அமெரிக்க ராணுவம் நடத்திய எர்னி பைல் அரங்கில், பாட்டும் ஆட்டமும் கோத்த ரெவ்யூ நிகழ்ச்சிகளுக்கு நடனம் அமைத்தார். 1961 நவம்பரில் மறைந்தார்.

அந்த எர்னி பைல் அரங்கில்தான் அவர் வாழ்நாள் பயிற்சி முழுவதும் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். அதை வயிற்றுப் பிழைப்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மேடைவிளக்கு எழுதியது:

கலைவாணி அவர்களுக்கு வணக்கம். நான் உடன்படவில்லை. ராணுவ வீரர்களின் மாலைப்பொழுதைப் போக்குவதற்காகப் பாட்டும் ஆட்டமும் கோத்துக் கொடுத்த நிகழ்ச்சிகள் அவை. திறமையாகச் செய்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் இட்டோ என்ற கலைஞர் இருப்பது அவருடைய குறு நடனங்களில். அவர் அவற்றை நடனக் கவிதைகள் என்றே அழைத்தார். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான்.

‘பிட்சிகாட்டி’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் அமைத்தது. இசை டெலீப் என்ற பிரெஞ்சுக்காரருடையது, வயலின் தந்திகளை வில்லால் இழைக்காமல் விரலால் சுண்டி வாசிப்பது. ஆடுபவர் கால்களை அகற்றி ஊன்றி நிற்கிறார். கடைசிவரை பாதம் நகர்வதில்லை. கைகளும் மேலுடலும் மட்டுமே ஆடுகின்றன. தரையில் வைத்த விளக்கு அவர் நிழலைப் பின்திரையில் பேருருவாக எறிகிறது.

நாடகக் குழுக்களில் இருபது ஆண்டுகள் விளக்குப் போட்டவன் நான். இதைப் படித்த இரவே வீட்டுக் கூடத்தில் மேசை விளக்கைத் தரையில் வைத்து, சுவருக்கு முதுகு காட்டி நின்று பார்த்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து சுவரில் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். கையைப் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்த்தினால் நிழலும் அதற்கேற்ற அளவு நகர்கிறது. அதே கையை விளக்கை நோக்கி ஒரு சாண் நீட்டினால் நிழற்கை இரண்டு மடங்காக வீங்கி உத்தரத்தைத் தொடுகிறது. உடலில் சின்ன அசைவு, சுவரில் பிரளயம். அப்போதுதான் விளங்கியது, இட்டோ அங்கே அமைத்தது இரண்டு ஆட்டக்காரர்களுக்கான நடனம். ஒருவர் தரையில், இன்னொருவர் சுவரில். இரண்டு பேருக்கும் கை ஒன்றுதான், அளவு வேறு. இப்படி யோசித்தவரை ரெவ்யூக்காரர் என்று நினைவுகூர எனக்கு மனம் வரவில்லை.

யோகோஹாமா கண்ணன் எழுதியது:

இருவரும் பேசுகிற அந்த அரங்கம் இருந்த இடத்தைக் கடந்துதான் நான் பல நாள் வேலைக்குப் போகிறேன். டோக்கியோவின் ஹிபியா பகுதியில் இருக்கிறது. 2001இல் திறந்த புதுக் கட்டடத்தில் டக்கராசுகா குழுவின் பெண்கள் இன்றும் ஆடுகிறார்கள். பழைய கட்டடத்தின் கதையைச் சொன்னால் கலைவாணி அக்காவின் வாதம் வலுப்பெறும் என்று நினைக்கிறேன்.

1934 ஜனவரியில் டோக்கியோ டக்கராசுகா அரங்கம் என்ற பெயரில் திறந்தார்கள். பெண்களே ஆண் வேடமும் போடும் அந்தக் குழு 1914இல் ஒசாகா பக்கத்து வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றில் தொடங்கியது. 1927இல் ‘மோன் பாரி’ என்ற நிகழ்ச்சியோடு ரெவ்யூ ஜப்பானில் வேர்விட்டது. 1944இல் அரசு பெரிய அரங்குகளை மூடியது. மூடிய அரங்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? பசிபிக் கடலைத் தாண்டிக் காற்றிலேயே அமெரிக்காவுக்குப் போகும் வெடிகுண்டு பலூன்களைச் செய்தார்கள். வாஷி என்னும் கைத்தாளை அடுக்கடுக்காகக் கொன்னியாக்குக் கிழங்குப் பசையால் ஒட்டுவார்கள். பலூனின் குறுக்களவு ஏறக்குறைய 10 மீட்டர். அதை ஊதிச் சோதிக்க உயரமான கூரை வேண்டும். நாடக அரங்கை விட உயரமான கூரை வேறு எங்கே கிடைக்கும்?

1945 டிசம்பரில் அமெரிக்க ராணுவம் அரங்கைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்த ஏப்ரலில் ஒக்கினாவாவை ஒட்டிய ஈ தீவில் சுட்டுக் கொல்லப்பட்ட போர்க்களச் செய்தியாளர் எர்னி பைலின் பெயரைச் சூட்டினார்கள். பார்வையாளராக ஜப்பானியருக்கு அனுமதி இல்லை. மேடையில் ஆடலாம், திரை இழுக்கலாம், உடை தைக்கலாம். இருக்கையில் உட்கார முடியாது. 1955 வரை அப்படித்தான்.

இந்த இடத்தில் இட்டோவைப் பொருத்திப் பாருங்கள். எதிரி என்று சொல்லித் தன்னைச் சிறைவைத்த நாட்டின் ராணுவத்துக்கு, தான் பிறந்த ஊரில், தன் ஊர் மக்கள் பார்க்க முடியாத அரங்கில் அவர் நடனம் அமைத்தார். ‘ஃபேண்டசி ஜப்போனிகா’ 1946இல் வந்தது. காட்சி அமைப்பில் தம்பி கிசாக்குவும் துணைநின்றார். வெளியே குண்டுவீச்சில் எரிந்துபோன நகரம். உள்ளே முழு வாத்தியக் குழு, விளக்குகள், பட்டுத் துணி, பயிற்சி எடுக்கும் ஜப்பானியப் பெண்கள்.

தாளக்கட்டு எழுதியது:

பள்ளத்தை எப்படித் தாண்டினார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்குத் தெரிந்த அளவில் விடை அவருடைய பத்து முத்திரைகளில் இருக்கிறது. முத்திரை என்றால் விரல் முத்திரை என்று எண்ணிவிட வேண்டாம். முழுக் கையின் நிலைகள். பத்து நிலைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம், ஒன்று ஆண்பாங்கு, இன்னொன்று பெண்பாங்கு. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மூச்சோடும் இசையோடும் கை இழைந்து போக வேண்டும். இந்தப் பத்தையும் எழுத்துகளாகக் கொண்டு சொல்லும் வாக்கியமும் அமைப்பதுதான் அவருடைய நடன அமைப்பு.

இதற்கு அடித்தளம் ஹெல்லராவில் விழுந்தது. டால்குரோஸ் முறையில் கை தாளத்தின் எண்ணிக்கையைப் போடும், கால் ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் நடந்து காட்டும். கையும் காலும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். முதல் வாரம் தலை சுற்றிவிடும், அனுபவித்தவன் சொல்கிறேன். இட்டோ அந்தப் பயிற்சியில் கையை மட்டும் எடுத்து வளர்த்தார்.

நடன அமைப்பாளருக்கு இதனால் என்ன கிடைத்தது என்றால், எவருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு நெடுங்கணக்கு. தன் உடம்பில் மட்டுமே இருக்கிற அழகை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பத்து நிலைகளைக் கொடுக்கலாம். 1929 செப்டம்பரில் பசடீனாவில் ரோஸ் பௌல் என்ற பெரிய விளையாட்டரங்கில் ஏறக்குறைய இருநூறு பேரை ஆடவைத்தார். அடுத்த ஆண்டு ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ‘பிரின்ஸ் இகோர்’ ஓபராவின் நடனங்கள். அத்தனை பேரையும் தனித்தனிக் கலைஞராக வளர்த்துவிட்டு மேடையேற்ற எவராலும் முடியாது. எழுத்தைக் கற்றுக்கொடுத்தால், ஒரு வரிசை முதல் நிலையைத் தொடங்கும்போது அடுத்த வரிசை தாளத்தில் இரண்டு அடி தாமதித்துத் தொடங்கும், மூன்றாவது வரிசை நான்கு அடி தாமதித்து. தூரத்தில் இருப்பவருக்கு அலை தெரியும்.

ஆகவே மேடைவிளக்கு ஐயா சொல்லும் குறு நடனமும் கலைவாணி அக்கா சொல்லும் ரெவ்யூவும் ஒரே பட்டறையில் அடித்தவை என்பது என் எண்ணம்.

இசைப்பித்தன் எழுதியது:

லண்டன் நாள்களிலிருந்து ஒரு சின்னச் செய்தி. 1915இல் கொலிசியம் அரங்கில் ஆடுவதற்கு இட்டோவுக்கு இசை தேவைப்பட்டது. ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டிடம் போனார். ஹோல்ஸ்ட் அப்போது கோள்களைப் பற்றிய தம் பெரிய படைப்பில் மூழ்கியிருந்தார். இட்டோ ஜப்பானிய மெட்டுகளைச் சீட்டியடித்துக் காட்ட, அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘ஜப்பானியத் தொகுப்பு’. இன்றும் பதிவுகள் கிடைக்கின்றன, கேளுங்கள்.

தனக்கு வேண்டிய இசையை ஒரு இசையமைப்பாளரிடம் சீட்டியில் சொல்லி வாங்கியவர் வெறும் ஆட்டக்காரராக அப்போதே இல்லை. நடன அமைப்பாளர் அந்த வயதிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

செந்தூரன் எழுதியது:

இட்டோ, ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோஹ் பரம்பரையில் வந்தவர் என்றும், அந்த மரபைத்தான் மேற்கே கொண்டுபோனார் என்றும் படித்திருக்கிறேன். அதை யாரும் சொல்லவில்லையே?

யோகோஹாமா கண்ணன் எழுதியது:

தம்பி செந்தூரன், அது பரவலாக இருக்கும் பிழை. இட்டோ நோஹ் பயின்றவர் அல்லர். அமெரிக்க அறிஞர் ஃபெனலோசா விட்டுச்சென்ற நோஹ் குறிப்புகளை வைத்துக்கொண்டு கவிஞர் எஸ்ரா பவுண்ட் இட்டோவிடம் உதவி கேட்டபோது, உலகத்திலேயே தனக்குப் பிடிக்காதது நோஹ்தான் என்று சொல்லிவிட்டதாக இட்டோவே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு லண்டனில் இருந்த ஜப்பானிய நண்பர்களை அழைத்துப் பாடவைத்தார். அவர்களில் நோஹ் தெரிந்தவர் ஓவியர் கூமே தமிஜூரோ. அந்த மனிதர் 1923 நிலநடுக்கத்தில் மாண்டுபோனார். நண்பர்கள் பாடியதைக் கேட்ட பிறகுதான் தன் நாட்டு மரபின் பெருமை இட்டோவுக்கே உறைத்தது.

யேட்ஸுக்காகப் பருந்தாக ஆடும் முன் அவர் லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய்ப் பருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகமூடியும் உடையும் ஓவியர் எட்மண்ட் டுலாக் செய்தவை. யேட்ஸ் அவரை நோஹ் கலைஞராகவே கண்டார். மேடை விளக்கு எதுவும் இல்லாத அறையில் அந்த இளைஞர் ஆடியபோது நம்மை விட்டு விலகி வேறொரு பெருவாழ்வுக்குள் போய்விட்டதுபோல் இருந்தது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். யேட்ஸ் கண்டது உண்மை. அதற்கு அவர் வைத்த பெயர்தான் பொருந்தவில்லை.

யாழ் வாசகி எழுதியது:

ஒரு கிளைச் செய்தி, நம்மோடு தொடர்புள்ளது என்பதால் சொல்கிறேன். 1917இல் நியூயார்க்கில் இட்டோவோடு ஒரே மேடையில் நிகழ்ச்சி கொடுத்தவர்களில் ரத்தன் தேவி ஒருவர். இந்தியப் பாடல்களைப் பாடிய ஆங்கிலப் பெண்மணி. அப்போது ஆனந்த குமாரசுவாமியின் மனைவி. குமாரசுவாமி எங்கள் கொழும்புத் தமிழர் சேர் முத்து குமாரசுவாமியின் மகன் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே மேடையில் கல்கத்தாவில் பிறந்த ரோஷனாரா என்ற நடனக்காரரும் இருந்தார், அவரும் ஆங்கிலேயர். கிழக்கின் பெயரால் நடந்த அந்த நிகழ்ச்சியில் இந்த மூவரில் கிழக்கத்தியர் இட்டோ ஒருவரே என்பது என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது.

மேடைவிளக்கு எழுதியது:

யாழ் வாசகி சொன்னது முக்கியமானது. மற்றவர்கள் எதிர்பார்த்த கிழக்கை விற்கவேண்டிய கட்டாயம் அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது. 1922இல் பிராட்வேயில் ‘பின்வீல்’ என்று சொந்தமாக ஒரு ரெவ்யூ போட்டார். 1923இல் ‘கிரீன்விச் வில்லேஜ் ஃபாலீஸ்’ நிகழ்ச்சிக்கு இந்தியக் கற்பனைக் காட்சி ஒன்றை அமைத்தார், அதில் ஆடியவர், பின்னாளில் அமெரிக்க நவீன நடனத்தின் பெரும் பெயரான இளம் மார்த்தா கிரஹாம். எர்னி பைல் அரங்கிலும் அமெரிக்கர்கள் விரும்பிய ஜப்பானைத்தானே காட்டியிருப்பார்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும், மனத்தில் வைத்துக்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை. 1943இல் திரும்பியவர், பேரரசு அப்போது முழங்கிக்கொண்டிருந்த ‘மாபெரும் கிழக்காசியா’ என்ற சொல்லையே பெயரில் வைத்து மேடைக்கலை ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் வென்ற ராணுவத்துக்கு நடனம் அமைத்தார். இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

மதுரை கலைவாணி எழுதியது:

மேடைவிளக்கு ஐயா, கேட்டது நல்லது. அந்த ஆய்வகத்தை மறைக்க எனக்கு எண்ணமில்லை. அது பிழை என்றே நினைக்கிறேன். ஜப்பானியப் படை ஆசிய மக்களுக்குச் செய்த கொடுமைகள் நமக்குத் தெரியும். சயாம் ரயில்பாதையில் மாண்ட நம்மவர்கள் எத்தனை பேர். அந்தப் படையின் கொடிச்சொல்லைத் தன் பலகையில் எழுதிக்கொண்டவரை எளிதாக மன்னிக்க என்னாலும் முடியவில்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தையும் பாருங்கள். இன்னொரு தம்பி குனியோ. 1923 நிலநடுக்கத்தின்போது கொரியர்களைத் தேடித் தேடிக் கொன்ற கும்பலிடம் செண்டாகயா என்ற இடத்தில் சிக்கினார். கொரியர் என்று நினைத்து அவரையும் தாக்கினார்கள். தப்பியவர் தன் மேடைப் பெயரையே செண்டா கொரேயா என்று மாற்றிக்கொண்டார், செண்டாகயாவில் அடிபட்ட கொரியன் என்பதாக. ஜப்பானிய நவீன நாடகத்தின் பெரும் பெயர்களில் ஒன்று அது. இடதுசாரி என்று போர்க்காலத்தில் சிறைக்கும் போனார். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒருவர் அரசை எதிர்த்துச் சிறை போனார், மற்றவர் அரசின் சொல்லை எடுத்துக்கொண்டார். அந்த மற்றவரான அண்ணன் இட்டோவோ அதற்கு முன்பே அமெரிக்கச் சிறைமுகாமில் இருந்து வந்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த நாடு அவரை ஒற்றன் என்று சந்தேகப்பட்டது. இவற்றால் பிழை சரியாகிவிடாது. தராசில் இவற்றையும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் விரும்பிய ஜப்பானைக் காட்டினார் என்கிறீர்கள். காட்டினார். அதைக் காட்டிய பெண்கள் யார்? நேற்றுவரை அந்தக் கூரையின் கீழ் பலூனுக்குப் பசை தடவிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு நவீன நடனத்தையும், மேற்கத்திய இசையோடு உடலை இசைக்கும் முறையையும், பெரிய மேடையில் நிற்கவும் நகரவும் வேண்டிய ஒழுங்கையும் நேர்ப்பயிற்சியாகக் கொடுத்தவர் இட்டோ. பார்வையாளர் யாராக இருந்தாலும் கற்ற உடம்பு கற்றதுதானே. ஒரு ஆசிரியராக எனக்கு அது போதும்.

இசைப்பித்தன் எழுதியது:

அக்கா சொன்ன அந்த அரங்கில்தான் 1946இல் ‘மிக்காடோ’ ஓபரெட்டா ஜப்பானில் முதன்முதலாக முழுமையாக ஏறியது. பேரரசரைக் கேலி செய்வதாகக் கருதப்பட்டதால் போருக்கு முன் அந்த நாட்டில் அதை நினைத்தே பார்க்க முடியாது. இசை நடத்தியவர் அப்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஹோர்ஹே போலே, பின்னாளில் பியானோ மேதை என்று உலகம் போற்றிய அதே போலே.

இட்டோவின் மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மோத்ரா’ படம் பார்த்தவர்களுக்கு அந்த வில்லன் கிளார்க் நெல்சனை நினைவிருக்கும். அவர்தான் ஜெரி இட்டோ. படம் வெளிவந்தது 1961, தந்தை மறைந்த ஆண்டு.

தாளக்கட்டு எழுதியது:

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார், யூரிக்கோ கிக்குச்சி. கலிபோர்னியாவில் 1920இல் பிறந்தவர். சிறுவயதில் ஜப்பானில் நடனம் கற்று மேடையேறினார். போரின்போது அரிசோனாவின் கீலா ரிவர் முகாமில் அடைக்கப்பட்டபோது அங்கிருந்த பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்து மார்த்தா கிரஹாம் குழுவில் சேர்ந்தார். 1951இல் ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தில் எலைசாவாக ஆடினார், ஜெரோம் ராபின்ஸ் நடன அமைப்பு. 1977இல் அது பிராட்வேக்குத் திரும்பியபோது ராபின்ஸின் நடனங்களை மீண்டும் மேடையேற்றியவர் யூரிக்கோதான். 2022இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார்.

இவர் பள்ளத்தை வேறு வழியில் தாண்டினார். இட்டோ சொந்த எழுத்தை உருவாக்கினார். யூரிக்கோ இன்னொருவர் எழுதியதை ஒரு புள்ளி பிசகாமல் உடம்பில் கால் நூற்றாண்டு காத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். இசை நாடக உலகம் ஓடுவதே இத்தகைய நினைவாற்றலால்தான். விளம்பரப் பலகையில் அந்தப் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும்.

செந்தூரன் எழுதியது:

இட்டோவின் நடனங்களை இன்று யாராவது ஆடுகிறார்களா?

யோகோஹாமா கண்ணன் எழுதியது:

ஆடுகிறார்கள். சத்தோரு ஷிமாசாகி என்ற நடனக் கலைஞர் பழைய மாணவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பல குறு நடனங்களை மீட்டெடுத்தார். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியின் ரெப்பர்டரி டான்ஸ் தியேட்டர் குழுவும் அவற்றை ஆடியிருக்கிறது. எர்னி பைல் காலத்துப் பெரிய நிகழ்ச்சிகளை அப்படி யாரும் மீட்டெடுத்ததை நான் பார்த்ததில்லை. கலைவாணி அக்காவின் ஆதங்கம் அதனால்தான் எனக்குப் புரிகிறது.

மதுரை கலைவாணி எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். மேடைவிளக்கு ஐயாவின் சோதனையை வகுப்பில் எட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்தேன். முதலில் வரிசையாகப் பக்கம் பக்கமாக நிறுத்தினேன். சுவரில் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது யார் கை என்றே தெரியவில்லை. ஒரே கரும் புதர். இட்டோ அதை ஒருவருக்கு மட்டும் அமைத்தது ஏன் என்று அந்த நொடியில் விளங்கியது. அந்த அளவில் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் குறு நடனத்தைப் பெரிதாக்கி ரெவ்யூ ஆக்க முடியாது.

பிறகு விளக்கிலிருந்து சுவர்வரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினேன். தாளக்கட்டு தம்பி சொன்னபடி ஒவ்வொருவரும் தாளத்தில் இரண்டு அடி தாமதித்துக் கையைத் தொடங்கச் சொன்னேன். பின்னால் இருப்பவர்களின் சின்ன நிழல்கள் முன்னால் இருப்பவளின் பெரிய நிழலுக்குள் மறைந்துவிட்டன. கைகள் மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வந்து மறைந்தன. சுவரில் ஒரே உடல், பதினாறு கைகள், அளவு மாறி மாறி. பிள்ளைகள் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். விளக்குக்குப் பக்கத்தில் நின்றவள் வகுப்பிலேயே குட்டையான பெண், ஒன்பது வயது. சுவரில் அவள்தான் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று ஏழு முறை செய்யவைத்தாள்.

ஐயா, ஒரு கேள்வி. எங்கள் விளக்கின் வெளிச்சத்தில் நிழலின் ஓரம் மங்கிவிடுகிறது. கூர்மையாக விழ எந்த விளக்கு வேண்டும்?

மேடைவிளக்கு எழுதியது:

வெள்ளைக் குமிழும் குழல்விளக்கும் வேண்டாம், அவை அகலமாக ஒளிர்வதால் ஓரம் மங்கும். இழை வெளியே தெரியும் தெளிவான கண்ணாடி பல்பு ஒன்று வாங்குங்கள், சிறியதாக இருக்கட்டும். பின்னால் பளபளக்கும் தகடு எதுவும் வைக்காதீர்கள். தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் கட்டையின்மேல் வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் கால் படாத தூரத்தில். அடுத்த மாதம் மதுரை வருகிறேன். அனுமதித்தால் நானே கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன். அந்தக் குட்டிப் பெண்ணின் நிழலை எனக்குப் பார்க்க வேண்டும்.